அம்மா சொன்ன நான்கு வசனங்கள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சின்ன வயதில் கெட்டிக்கார முட்டாள், நடுவயதில் டை கட்டிய முட்டாள், இப்போது மூட்டுவலியுள்ள முட்டாள். ஸ்காபரோவில் எங்கே மைக் இருக்கிறதோ அங்கே என்னைக் காணலாம். சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல், எதுவானாலும் அறிவிப்பாளர் நான்தான். கூப்பிடாவிட்டாலும் போவேன். ஒருமுறை ஒரு மண்டபத்தில் சோறு ஆறுகிறது என்று மைக்கின் வயரைக் கழற்றித்தான் என்னை மேடையிலிருந்து இறக்கினார்கள். வயர் கழன்றது தெரியாமல் நான் இன்னும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு வாய் உள்ள நான், பதினொரு வயதில், அம்மா சொன்ன நான்கு வசனங்களை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டேன். விட்டதோடு நிற்காமல் நேர்மாறாக வேறொன்றைச் சொன்னேன். எங்கள் வாசலில் அப்போது நின்றவள், காணாமல்போன தன் தங்கையைத் தேடி வந்தவள். சிரிக்க வைப்பான் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கியவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டலாம். அப்படிப் புரட்டினாலும் எனக்குப் புதிதில்லை, மண்டபங்களில் பார்த்திருக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு எங்கள் சனம் வந்திறங்கிய அந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் ஞாபகம் இருக்கும். எங்களுடையது மோர்னிங்சைட் பக்கம். எலிவேற்றருக்குள் சப்பாத்துகள் கொண்டுவந்த, பனிக்குப் போடும் றோட்டு உப்பும், யாரோ பொரித்த சூடை மீனின் மணமும் எப்போதும் நிற்கும். நாங்கள் வந்து இரண்டாவது குளிர்காலம். பத்து வயது தாண்டிய தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கே உத்தியோகம் இருந்தது: மொழிபெயர்ப்பு. டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வாடகை ஒபீசில் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நாங்கள் நிற்போம். அவர்கள் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வேலையில் நான் எவ்வளவு கைதேர்ந்தவன் என்பதற்கு எட்டாம் மாடி அண்ணையின் பல் சாட்சி. சாடையாக நோகுது என்று அவர் சொன்னதை, கொஞ்சம் சுவை சேர்ப்போமே என்று, மூன்று நாளாய் நித்திரை இல்லை, தாங்கமுடியாத வலி என்று மாற்றிவிட்டேன். பல் வைத்தியர் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். கனடாவில் எல்லாம் கெதியாய் நடக்குது என்று அண்ணை பஞ்சை அடக்கியபடி மெச்சினார். நான் சொன்னது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இந்த அண்ணைதான் எங்கள் கட்டடத்தின் பாதுகாப்பு மந்திரி. ஆள் கடத்துகிற வெள்ளைவான் எது, வெறும் வெள்ளை நிற வான் எது என்று பிரித்தறியும் கண் தனக்கு உண்டு என்பார். அவர் எங்கள் எல்லாருக்கும் ஒரு பயிற்சி தந்திருந்தார். படிக்கட்டு முடக்கில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பலசரக்குக் கடை விளம்பரத் தாளை முகத்துக்கு நேரே நீட்டி, இது ஆர் என்று கேட்பார். தெரியாது சேர், நாங்கள் புது ஆக்கள் சேர் என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். மூன்றாம் மாடிப் பொடியன் ஒருநாள் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கோழி என்று சொல்லி, தலையில் ஒரு குட்டு வாங்கினான்.

ஏன் அப்படி என்று நான்தான் கேட்டேன். அவர் விளம்பரத் தாளை நாலாக மடித்தார்.

"ஒருக்கா ஓம் எண்டனான். ரெண்டு வரியம் உள்ளுக்கு இருந்தனான்."

ஊரில் ஆமிக்காரன் படத்தைக் காட்டித் தெரியுமா என்று கேட்பதும், தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று ட்ரக்கில் ஏற்றுவதும் எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் சித்தப்பாவே காணாமல்போய்ப் படமாகிப் போனவர். அவருடைய அக்கா, என் மாமி, அந்தப் படத்தோடு முகாம் முகாமாய் அலைந்துகொண்டிருந்த காலம் அது.

எங்கள் எதிர்க்கதவில் இருந்தவளைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். எங்கள் நிறம்தான். இடுப்புவரை கறுத்த தலைமயிர். முதல்முறை எலிவேற்றரில் கண்டவுடன் அம்மா கேட்டது: "எந்த இடம் பிள்ளை?" அவள் சிரித்தாள். அம்மா விடவில்லை, ஏழு மாடியும் தமிழிலேயே கதைத்தாள். அவளும் ஏழு மாடியும் தலையாட்டிச் சிரித்தாள்.

அன்றிரவே கட்டடத்தில் விசாரணை தொடங்கிவிட்டது. மன்னார் முகம் என்றார்கள் சிலர். இல்லை, மட்டக்களப்புப் பக்கம்தான், கண்ணைப் பார், என்றாள் மட்டக்களப்பிலிருந்து வந்த ஐந்தாம் மாடி அன்ரி, உரிமையோடு. அண்ணைக்கு அதெல்லாம் சிறுபிள்ளைத்தனம். தமிழ் தெரிந்தும் தெரியாததுபோல நிற்கிறாள் என்றால் யாரோ எங்களைக் கவனிக்க விட்டிருக்கிற ஆள் என்று முடிவு கட்டினார். தமிழே தெரியாதவளாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது ஒருவருக்கும் வரவில்லை.

கண்காணிக்கும் பொறுப்பை யாரும் தராமலே நான் ஏற்றேன். கதவின் கண்ணாடி ஓட்டை எனக்கு எட்டாது. நாற்பது இறாத்தல் அரிசிப் பையை இழுத்துவந்து அதில் ஏறி நின்றால் சரியாக எட்டும். பள்ளிக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். ஐந்து பத்துக்கு வந்தாள், சந்தேகம். பால் வாங்கி வந்தாள், சந்தேகம். கதவுத் திறப்பைத் தேடினாள், மிகச் சந்தேகம். ஒருநாள் அவள் நேரே வந்து ஓட்டையைப் பார்த்துக் கை காட்டினாள். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அரிசிப் பையால் விழுந்தேன்.

பிறகு எலிவேற்றர் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்ற ஒரு நாளில், அரை மணித்தியாலம் அவளும் நானும் தனியே அகப்பட்டோம். நான் அழாமல் இருப்பதற்காக அவள் கதைத்தாள். தாங்கள் இந்த நாட்டுப் பூர்வீகச் சனம், வீடு வடக்கே, பஸ்ஸில் ஒரு பகலும் ஒரு இரவும் போய்ப் பிறகும் போகவேண்டும் என்றாள். தன் தாய்க்கு ஆங்கிலம் வராது, சின்ன வயதில் நேர்ஸ் வரும்போதெல்லாம் தான்தான் சொல்லிக் கொடுக்கிறவள் என்றாள். நானும் அந்த உத்தியோகம்தான் என்றேன். அவள் கையை நீட்டினாள். ஒரு தொழில் பார்ப்பவர்கள்போல நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம்.

அண்ணையிடம் போய் அறிக்கை சமர்ப்பித்தேன். அவர் நாடியைத் தடவினார்.

"அப்ப இது அவையின்ர நாடெல்லோ. சொந்த நாட்டில என்னத்துக்கு எங்களை மாதிரி ஒரு அறையில கிடக்கிறா?"

அவருக்கு அதுவும் ஒரு சந்தேகம். அவரது சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரியான கேள்வி என்று எனக்கு விளங்க முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பேஸ்மென்ற்றில் உடுப்புத் தோய்க்கப் போனாள். எதிர்க்கதவுக்காரியும் அங்கே இருந்தாள். உடுப்பை மெசினில் போட்டுவிட்டு, ஒரு விரலைக் காட்டி, ஒரு மணித்தியாலத்தில் வாறன் என்று சைகை செய்துவிட்டு வெளியே போனாளாம். லோண்ட்றி ஜன்னலால் அம்மா பார்த்திருக்கிறாள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பச்சைப் பிக்கப், ஒரு கதவு மட்டும் வெள்ளை, வேறு வாகனத்திலிருந்து கழற்றிப் பூட்டியதுபோல. வாகனம் ஓடுகிறவன் இறங்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் வெளியே நின்று கதைத்துவிட்டு ஏறினாள். திரும்பி வரவில்லை. மற்றவர்கள் மெசினுக்குக் காத்து நின்றதால் அம்மா அவளுடைய உடுப்பை எடுத்துக் காயவைத்து, மடித்து, மேலே கொண்டுவந்தாள்.

அதில் ஒரு சிவப்புச் சுவெற்றர் இருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தாள். கையால் பின்னியது, கடையில் வாங்கியது இல்லை என்றாள். ஐந்து வெள்ளைப் பொத்தான், கழுத்தடியில் ஒன்று மட்டும் கறுப்பு. எல்லாவற்றையும் ஒரு வெறும் அரிசிப் பைக்குள் வைத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். சனி போனது, ஞாயிறு போனது. அம்மா ஒவ்வொரு நாளும் எதிர்க்கதவைத் தட்டிப் பார்த்தாள். வீட்டில் அப்பாவின் அகதிக் கேஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு எதற்கும் யாருக்கும் மனம் இல்லை.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கள் பின்னேரம், கதவு தட்டப்பட்டது. நான் பள்ளிக்கூடத்தால் வந்து ரீவியில் ரெஸ்லிங் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் மட்டும் மிஞ்சி நின்ற கட்டம். ஓட்டையால் பார்த்தேன். நீளக் கோட், கையில் சின்னக் குறிப்புப் புத்தகம், பேனை. இமிகிரேசன் என்று என் மூளை உடனே தீர்ப்புச் சொன்னது. அம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

வந்தவள் எதிர்க்கதவுக்காரியின் அக்கா. அதை அவள் தெளிவாக, மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னாள். அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று நான் ஒருபோதும் சாட்டுச் சொல்லமுடியாது. ஒரு படத்தை நீட்டினாள். எதிர்க்கதவுக்காரி ஒரு குசினியில் நின்று சிரிக்கிறாள். அதே சிவப்புச் சுவெற்றர். இவளைக் கடைசியாக எப்போது கண்டீர்கள், யாரோடு போனாள் என்று கேட்டாள்.

அம்மாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. படத்தைக் கண்டவுடன் முகம் மலர்ந்தது. சித்தப்பாவின் படத்தை யாராவது மாமியிடம் வாங்கிப் பார்க்கமாட்டார்களா என்று ஏங்கியவள் அவள்.

"ஓம், தெரியும். உந்தப் பிள்ளை போனதுக்கு முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் கீழ உடுப்புத் தோய்க்க வந்தது. பச்சைப் பிக்கப், ஒரு கதவு மட்டும் வெள்ளை, உதிலதான் ஏறினது. உடுப்பு என்னட்டைத்தான் கிடக்கு, நில்லுங்கோ."

சொல்லிவிட்டுப் பையை எடுக்க உள்ளே ஓடினாள்.

படம். கேள்வி. கோட். கேஸ் அடுத்த செவ்வாய்க்கிழமை. படிக்கட்டு முடக்கில் எத்தனை முறை சொல்லிப் பழகியது. என் வாய் தன்பாட்டில் திறந்தது. அம்மா இவளைக் கண்டதே இல்லையாம், நாங்கள் புது ஆக்கள் சேர் என்றேன். ஒரு பெண்ணைப் பார்த்து, சேர் என்றேன்.

அவள் என்னை ஊன்றிப் பார்த்தாள். உன் அம்மா இதைவிடக் கூடச் சொன்னாவே என்றாள்.

நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கை கூசுகிறது. பகிடிக்காரன் என்று எனக்கு இந்த ஊர் தந்த பட்டத்துக்கு அதுதான் முதல் தகுதி. தமிழ் நீளமான மொழி என்றேன். சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பயத்தில் சொன்னேன் என்றுதான் பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதிலும் எனக்கு இப்போது சந்தேகம். கதவைச் சாத்திய கையோடு ரீவிக்கு ஓடினேனே, பயந்தவன் அப்படி ஓடுவானா? அந்த இரண்டு பேரில் யார் வென்றார்கள் என்பதுகூட இன்றைக்கு ஞாபகம் இல்லை.

அம்மா பையோடு வந்து வெறும் கதவைப் பார்த்தாள். எங்கே அவா என்றாள். நன்றி சொன்னவா, பை இங்கேயே இருக்கட்டாம், தங்கச்சி வந்து எடுப்பாவாம் என்றேன்.

"வெள்ளிக்கிழமை எண்டதையும் சொன்னனீ என்ன?"

"ஓமம்மா."

அம்மா என் தலையைத் தடவினாள். என் பிள்ளை இங்கிலிசில விளாசுவான் என்று அன்றிரவு அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வேறு எதையோ யோசித்துக்கொண்டு ஓம் ஓம் என்றார்.

அடுத்த கிழமை எலிவேற்றரில் அந்தப் படத்தை ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் யாரோ கிழித்துவிட்டார்கள். ஒரு மூலையும் அதில் ஒரு துண்டுச் சிவப்பும் பசையோடு கனநாள் கிடந்தது. ஒரு பொலிஸ்காரன் வந்து கதவு கதவாகத் தட்டினான். ஒவ்வொரு மாடியிலும் ஒரு சிறுவன் வெளியே வந்து, அதே ராகத்தில், புது ஆக்கள் சேர் என்றான். ஆறாம் மாடியோடு அவன் சிரிக்கத் தொடங்கிவிட்டானாம். அண்ணைக்கு வலு பெருமை. அப்பாவின் கேஸும் அந்தச் செவ்வாய்க்கிழமை சரிவந்தது. பார்த்தியளோ, வாயைப் பொத்தினதின்ர பலன் என்று அவர் எங்கள் வீட்டுக் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னார். அந்தக் கேஸில் எதிர்க்கதவைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்பா பல வருடங்கள் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார்.

பனி கரைந்து கார் நிறுத்துமிடம் சேறாகக் கிடந்த ஒரு ஞாயிறு, அக்கா திரும்பி வந்தாள். அவளோடு ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் தட்டையான மேளம். வட்டமாக நின்றார்கள். எதிலோ புகை போட்டார்கள். மேளத்தை அடித்துப் பாடினார்கள். காணாமல்போன, கொல்லப்பட்ட தங்கள் பெண்களுக்காக இப்படிக் கூடுவது வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. எட்டாம் மாடிப் பல்கனியிலிருந்து அண்ணை ரகசியக் குரலில் உத்தரவு போட்டார்: உள்ளுக்குப் போங்கோ, படம் எடுக்கினம். பல்கனிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. நனைந்த சேலைகளும் பெனியன்களும் மட்டும் நின்றன.

அம்மா அரிசிப் பையை எடுத்துக்கொண்டு சப்பாத்தைத் தேடினாள். இறங்கினால் பொலிஸ் வரும், பெயர் எழுதுவார்கள், பைலில் ஏறும் என்று அப்பா கதவில் சாய்ந்து நின்றார். நான் என் பங்குக்கு, அது வேறு யாருக்கோ செய்கிற பூசையம்மா, அந்தப் பிள்ளைக்கில்லை என்றேன். மூன்றாவது பொய். அம்மா பல்கனிக்குப் போய்ப் பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். கட்டடம் முழுக்க வெளியே நின்ற ஒரே ஆள் அவள்தான். கீழே அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் விரல் ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டு மேலே வந்ததை நான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கண்டேன். அந்த விரல் எங்கள் மாடியில் நின்றது.

அந்தக் கோடை நாங்கள் அஜின்கோர்ட் போனோம். பிறகு மார்க்கம். பையும் கூடவே வந்தது. ஒவ்வொரு வீடு மாறும்போதும் நான் எறியலாம் என்பேன். அது எங்கட உடுப்பில்லை என்பாள் அம்மா. சுவெற்றருக்கு வருடத்துக்கொருமுறை பூச்சிக் குண்டு மாற்றுவாள். அந்தப் பிள்ளை உடுப்பெடுக்க வரேல்லை என்பாள், ஏதோ பக்கத்துக் கடைக்குப் போனவளைப் பற்றிச் சொல்வதுபோல. மூன்று குளிர்காலத்துக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தபோது அந்தப் பை அவளுடைய கூறைச்சேலைக்குப் பக்கத்தில் இருந்தது.

இதற்கிடையில் என் வாய் வளர்ந்துவிட்டது. ஊரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக இங்கே நடக்கும் கூட்டங்களிலும் நான்தான் அறிவிப்பாளர். கண்ட சாட்சிகள் வாய் திறக்கவேண்டும் என்று மைக்கில் கத்தியிருக்கிறேன். கை தட்டினார்கள். மாமியின் துயரத்தைச் சொல்வேன். சித்தப்பா எந்த நாளில் போனார் என்று தெரியாததால் திதி கொடுக்க வழியில்லாமல், ஐயரிடம் கேட்டு ஒரு அமாவாசையைப் பிடித்துக்கொண்டு மாமி இருப்பதைச் சொல்வேன். அந்த இடத்தில் என் குரல் தழுதழுக்கும். எந்த இடத்தில் தழுதழுக்கவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வருடம் என் மகள் தன்னை நகரத்துக்குள் ஒரு பூங்காவில் இறக்கிவிடச் சொன்னாள். பூர்வீகச் சனங்களின் நினைவுக் கூட்டமாம், அவள் சூப் பரிமாறப் போகிறாளாம். எனக்கு வழக்கம்போல் எல்லாவற்றிலும் சந்தேகம். சூப் இலவசம் என்றால் யார் காசு? பார்க்கிங் எங்கே? நீ ஏன் மற்றவர்களின் துக்கத்துக்குள் போகிறாய்? அவள் ஆங்கிலத்தில், அப்பா ப்ளீஸ் என்றாள். இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். மைக் சத்தம் கேட்டது, கால் தானாகப் போனது.

மரங்களில் சிவப்பு உடுப்புகள், காணாமல்போன பெண்களின் நினைவாக, ஆளில்லாமல், கம்பிகளில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. ஒரு வயதானவர் இரும்புச் சட்டியில் புகையோடு ஆள் ஆளாக வந்தார். எனக்கு முன்னால் வந்ததும் நான் யோசிக்காமல் இரண்டு கையாலும் புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றினேன். பிறகு என் விரல் சட்டி விளிம்பில் விபூதி தேடியது. மகள் முழங்கையால் இடித்தாள். அவர் நான் தேடி முடியும்வரை சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மைக்கில் ஒரு கிழவி பேசத் தொடங்கினாள். அலுமினிய ஊன்றுகோல் வண்டியில் ஒரு பெரிய படம் கட்டியிருந்தது. குசினி. சிரிப்பு. சிவப்புச் சுவெற்றர். அவள் அதிகம் பேசவில்லை. தங்கையைத் தேடுவதை விட்டுவிடச் சொல்கிறார்கள், விடலாம், ஆனால் எந்த நாளில் போனாள் என்றுகூட எனக்குத் தெரியாது, பத்து நாளில் ஏதோ ஒரு நாள், எந்த நாளில் நான் அவளுக்கு உணவு வைக்க என்று கேட்டாள்.

எனக்கு அந்த நாள் தெரியும். அந்த ஆயிரம் பேருக்குள் எனக்கு மட்டும் தெரியும். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? காருக்கு ஓடிப்போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தேன். மகள் வந்து கேட்டபோது புகை ஒத்துவரவில்லை என்றேன்.

ஒரு வருடம் முழுக்க யோசித்தேன். கடைசியில் யாரிடமாவது கேட்கவேண்டும் என்று எட்டாம் மாடி அண்ணைக்குப் போன் எடுத்தேன். இப்போது அவர் முதியோர் கட்டடத்தில் இருக்கிறார், பல் எல்லாம் கட்டியது. முழுவதும் சொன்னேன், அந்தப் பல் விசயத்தைத் தவிர.

"போ. போய்ச் சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேரைக் குடாதை."

இந்த வருடம் அரிசிப் பையோடு போனேன். வாசலில் ஒழுங்கு பார்க்கிற பெடியன் ஒருவன் என்னை மறித்து, பைக்குள் என்ன என்று கேட்டான். வாழ்க்கையில் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருப்பேன், ஒருவன் என்னைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல்முறை. உடுப்பு என்றேன். அவன் திறந்து பார்த்தான். பூச்சிக் குண்டு மணம் வந்தது. அவன் சுவெற்றரைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான், தொங்கவிடக் கொண்டுவந்தவன் என்று நினைத்திருக்கவேண்டும், தலையைக் குனிந்து வழி விட்டான்.

அவள் மேடைக்குப் பக்கத்தில் மடிப்புக் கதிரையில் இருந்தாள். இவ்வளவு வருடமும் மேடைகளில் நின்று கூட்டத்தை மடக்கியவன், ஒரு கிழவிக்கு முன்னால் நின்று நாக்கைத் தேடினேன். மோர்னிங்சைட் கட்டடம், ஏழாம் மாடி என்று தொடங்கினேன். அவள் என் முகத்தை ஊன்றிப் பார்த்தாள். அதே பார்வை.

"நீளமான மொழி," என்றாள்.

நான் ஓம் என்றேன். ஆங்கிலத்தில் கதைக்கிற இடத்தில் ஓம் என்றுதான் வந்தது.

பையைக் கொடுத்தேன். அவள் சுவெற்றரை எடுத்து மடியில் விரித்தாள். கழுத்தடிக்கு விரலைக் கொண்டுபோய் அந்தக் கறுப்புப் பொத்தானைப் பிடித்து, தைத்த நூல் இன்னும் இறுக்கமா என்று பார்ப்பதுபோல் இழுத்துப் பார்த்தாள். பிறகு அதைவிட்டுக் கை எடுக்கவில்லை.

நான் அம்மாவின் நான்கு வசனங்களையும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, கூட்டாமல் குறைக்காமல். என் சீவியத்தில் சரியாகச் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். ஓம், தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம். பச்சைப் பிக்கப், ஒரு கதவு வெள்ளை. உடுப்பு என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றபோது அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, பின்னோக்கி நாள் எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். எண்ணி முடித்ததும், பல்கனியில் நின்றது உன் அம்மாவா என்று கேட்டாள். ஓம் என்றேன். உயிரோடு இருக்கிறாவா என்றாள். இல்லை என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியுமா? பதினொரு வயது என்றேன், கேஸ் என்றேன், அண்ணையின் படிக்கட்டுப் பயிற்சியை, கோழிப் படத்தை, எல்லாவற்றையும் கொட்டினேன். ரெஸ்லிங்கையும் சொன்னேன். நடுவில் ஒரு பகிடியும் விட்டேன், அவள் சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, இதை உங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன், வேறு யாருக்கும் தெரியவேண்டியதில்லை, என் மகளும் இங்கே நிற்கிறாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மேடையில் அடுத்தவர் பேசி இறங்கிக்கொண்டிருந்தார். சூப் மேசையிலிருந்து மகள் அகப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவி சுவெற்றரை மடித்து மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, நாடியால் மேடையைக் காட்டினாள்.

"மைக் அங்க இருக்கு."